தோல் டாக்டர் போர்டு

ஆம்பூர்ல ரயிலை விட்டு இறங்கினா மூக்குக்கு முதல்ல ரெண்டு விஷயம் தெரியும். ஒண்ணு பிரியாணி. இன்னொண்ணு தோல். பிரியாணியைப் பற்றி, அதுவும் அந்தக் கத்தரிக்காயைப் பற்றி, ஏற்கெனவே ஊரே எழுதித் தீர்த்துவிட்டதால் இந்த வாரம் தோல்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்த வட்டாரம் முழுக்க எந்தப் பக்கம் திரும்பினாலும் 'தோல்' என்று ஒரு போர்டு கண்ணில் படும். தோல் மண்டி, தோல் பதனிடும் தொழிற்சாலை, தோல் பொருள் ஏற்றுமதி. இங்கிலீஷ் பேப்பர்காரர்கள் இந்த ஏரியாவுக்கு 'லெதர் பெல்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை படிச்சப்போ இடுப்புல கட்டுற பெல்ட்டுனுதான் நானும் நினைச்சேன். விடுங்க. தமிழில் ஒரு வசதி பாருங்கள். மாட்டுக்கும் தோல்தான், நமக்கும் தோல்தான். அதனால் இந்த போர்டுகளுக்கு நடுவில், மாடிப்படி ஏறுகிற இடத்தில், இன்னொரு போர்டும் இருக்கும்: 'தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர்'.

இப்போ ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். காலேஜ் செகண்ட் இயர்ல எனக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை. ஹாஸ்டல்ல ஒரே துண்டை நாலு பேர் துடைச்சா வேற என்ன வரும்? நண்பன் ஒருத்தன் வற்புறுத்தி, அந்த மாதிரி ஒரு போர்டுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினான். 'தோல்' வரைக்கும் ஓகே. அடுத்த வார்த்தையைப் படிச்சதும் கால் நகர மாட்டேங்குது. எதிர் பஸ் ஸ்டாப்புல யாரோ தெரிஞ்ச அத்தை நிக்கிற மாதிரியே ஒரு பிரமை. அப்படியே யூ-டர்ன். மெடிக்கல் ஷாப்புல போய், "அண்ணே, அரிப்புக்கு ஒரு க்ரீம்." மூணு நாள் சொர்க்கம். மூணாவது வாரம் பார்த்தா ரூபாய் நாணயம் சைஸில் இருந்தது சாப்பாட்டுத் தட்டு சைஸ் ஆகிவிட்டது. ஸ்டீராய்டு கலந்த க்ரீம். அரிப்பை அமுக்கிவிட்டு, கிருமிக்குப் பாய் விரித்துக் கொடுக்கிற சாமான். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த வகை க்ரீம்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. எனக்கு அது ரொம்ப லேட்.

சரி, ரெண்டையும் எதுக்கு ஒரே போர்டில் போட்டார்கள்? காரணம் இருக்கிறது. பால்வினை நோய்கள் பலவும் வெளியே வந்து தலைகாட்டுகிற இடம் தோல்தான். சிபிலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வலியே இல்லாத ஒரு புண். தானாக ஆறிவிடும். ஆளும் மறந்துவிடுவார். சில வாரம் கழித்து உடம்பில், உள்ளங்கையில், உள்ளங்காலில் தடிப்பு. அரிக்கக்கூட செய்யாது. அதுவும் மறைந்துவிடும். நோய் மட்டும் உள்ளே உட்கார்ந்து வருஷக்கணக்கில் காத்திருக்கும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் பென்சிலின் ஊசியில் முடிகிற விஷயம். அதைக் கண்டுபிடிக்கிற வேலை தோலைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் வரும். அதனால்தான் இந்தியாவில் தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றுமே ஒரே படிப்பு. தொழுநோய் என்றால் வேலூர் பக்கத்தில் காரிகிரி, அங்கே டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் அடிபட்டுத்தான் போகின்றன என்று அவர் நிரூபித்தது... அது தனியா ஒரு வாரத்துக்கான சமாசாரம்.

இந்த வாரம் சொல்ல வந்தது வேற. அந்த போர்டின் இரண்டாவது வார்த்தையைக் கண்டு நான் ஓடினேன் இல்லையா? அதே வார்த்தையை நோக்கி, பிடிக்காமல்தான், நடந்துபோன ஒரு மாணவியின் கதை. நடந்தது சென்னையில் பாதி, வேலூரில் மீதி.

1985-ன் கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி எம்.டி. படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. வயது 32. கல்யாணமாகி இரண்டு சின்னக் குழந்தைகள். நம்மில் பல பேர் போலவே அவருக்கும் தீசிஸுக்கு டாபிக் கிடைக்கவில்லை. அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் ஒரு டாபிக் சொன்னார்: "எய்ட்ஸ் இங்கே இருக்கான்னு தேடிப் பாரேன்."

அப்போது எய்ட்ஸ் என்பது பேப்பரில் படிக்கிற வெளிநாட்டுச் சரக்கு. 1981-ல் அமெரிக்காவில் முதல் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நம்ம கலாசாரம், நம்ம குடும்ப அமைப்பு, நமக்கெல்லாம் வராது என்பதுதான் இங்கே பொது அபிப்பிராயம். மும்பையில் அதற்குமுன் சோதித்துப் பார்த்த ரத்தத்திலும் எதுவும் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, மெட்ராஸில் போய்த் தேடுவதா? நிர்மலா தயங்கினார். பாரம்பரியமான குடும்பம், சின்ன ஊர்ப் பின்னணி. பாலியல் தொழிலாளிகளிடம் போய் ரத்தம் கேட்கணும். 'போ, போய்ச் செய்' என்று தள்ளிவிட்டது யார் தெரியுமா? அவருடைய கணவர் வீரப்பன் ராமமூர்த்தி.

மும்பை மாதிரி சென்னையில் அதற்கென்று ஒரு தனித் தெரு கிடையாது. எங்கே போய்த் தேடுவது? ஜி.எச்.சின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனார். அங்கே சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பழகினார். அவர்கள் சொன்ன தகவலில்தான், போலீஸ் பிடித்துக்கொண்டு வருகிற பெண்களை அடைத்து வைக்கிற விஜிலென்ஸ் ஹோம் பற்றித் தெரிய வந்தது. பஸ் காசை மிச்சம் பிடிக்க, கணவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேல் சாம்பிள். கையில் கிளவுஸ் கிடையாது. பாதுகாப்பு உபகரணம் என்று எதுவுமே கிடையாது. ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிக்க டாக்டர் சுனிதியும் இவரும் சின்னதாய் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பிரித்ததை எங்கே வைப்பது? வீட்டு ஃபிரிட்ஜில். ஆமாம், தயிர், இட்லி மாவு வைக்கிற அதே ஃபிரிட்ஜ். (இன்னிக்கு எந்த எதிக்ஸ் கமிட்டி முன்னாடியாவது இதைச் சொல்லிப் பாருங்க. மயங்கி விழுந்துடுவாங்க.)

எய்ட்ஸுக்கான எலிசா டெஸ்ட் செய்ய அப்போது சென்னையில் வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. வைராலஜி துறைக்குத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான். 1986 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, ஒரு ஐஸ் பாக்ஸில் சாம்பிள்களை அடுக்கிக்கொண்டு கணவனும் மனைவியும் காட்பாடிக்கு ரயில் ஏறினார்கள். காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து சி.எம்.சி. யோசித்துப் பாருங்கள். அன்னிக்கு அந்த கம்பார்ட்மென்ட்டில் பக்கத்து சீட்டுக்காரர், "பெட்டியில என்னம்மா, மீனா?" என்று கேட்டிருந்தால்?

ஜேக்கப் ஜான் தன் ஜூனியர்கள் இருவரை உதவிக்குக் கொடுத்தார். டாக்டர் ஜார்ஜ் பாபு, டாக்டர் எரிக் சைமோஸ். காலை எட்டரைக்கு வேலை ஆரம்பம். எலிசா என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய சீரம். அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அதில் இருந்தால், கடைசியில் ஊற்றுகிற ரசாயனம் நிறம் மாறும். இல்லாவிட்டால் மாறாது. அவ்வளவுதான்.

நடுப்பகலில் கரண்ட் போய்விட்டது! (வேலூர்க்காரர்கள் யாரும் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.) சரி, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம் என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது லேபுக்குள் முதலில் நுழைந்தது ஜார்ஜ் பாபுவும் நிர்மலாவும். பாபு மூடியைத் திறந்தார். உடனே மூடிவிட்டார். 'விளையாடாதே' என்று ஒரு எச்சரிக்கை வேறு. ஆனால் அந்த ஒரு நொடியில் நிர்மலா பார்த்துவிட்டார்.

ஆறு குழிகள் மஞ்சள்.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் இருக்காது, 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு எம்.டி.யை முடிக்கலாம் என்று நினைத்தவர். சில நிமிஷத்தில் ஜேக்கப் ஜானும் வந்தார், பார்த்தார். இந்த சாம்பிள் எல்லாம் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டார். விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று கணவன், மனைவி இருவரிடமும் சத்தியம் வாங்காத குறை. மறுபடியும் விஜிலென்ஸ் ஹோம். சுனிதி, பாபு, சைமோஸ், நிர்மலா எல்லோருமாகப் போய் அந்த ஆறு பேரிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சைமோஸ் அதை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அங்கே வெஸ்டர்ன் பிளாட் என்கிற உறுதிப்படுத்தும் டெஸ்ட். உறுதி. 1986 மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கான முதல் ஆதாரம், ஒரு பி.ஜி. மாணவியின் தீசிஸிலிருந்து வந்தது!

நம்பாதவர்கள் நிறைய. டெஸ்ட் தப்பு என்றார்கள். டாக்டர் சுனிதி மராட்டியக் குடும்பத்துக்காரர், வெளியாள், நம்ம ஊர் மானத்தை வாங்குகிறார் என்றுகூடப் பேசினார்கள். இத்தனைக்கும் அவர் பிறந்து வளர்ந்ததே சென்னைதான். இன்னொரு வேடிக்கை, அவர் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? தோல் வியாபாரம்! சுனிதி அதோடு நிற்கவில்லை. 1993-ல் தன் அப்பா கைத்தொண்டே பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கி, மற்ற இடங்களில் தொடவே பயந்த நோயாளிகளைப் பார்த்தார். 2015-ல் இறந்தார். 2017-ல் பத்மஸ்ரீ வந்தது. நிர்மலா 1987 மார்ச்சில் தீசிஸை முடித்தார். தலைப்பு, 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு' என்கிற மாதிரி சாதாரணமான தலைப்பு. அப்புறம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை, 2010-ல் ரிட்டயர்மென்ட். ரொம்ப வருஷத்துக்கு அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இதுவரைக்கும் படிச்சிட்டு கைதட்டணும்னு தோணுதா? தட்டுங்க. நானும் தட்டினேன். அப்புறம் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

அந்த ஆறு பேர்?

நிர்மலா என்ன டெஸ்டுக்காக ரத்தம் எடுக்கிறார் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய் டெஸ்ட் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இதை நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், எய்ட்ஸ் என்று சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்திருக்காது என்பது அவர் தரப்பு. அன்னிக்கு டாக்டர்களிலேயே எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும் என்றும் கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் எனக்கு அது தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது. அடைத்து வைக்கப்பட்டிருக்கிற ஒரு பெண்ணிடம் வெள்ளைக் கோட் போட்டவர் வந்து கையை நீட்டு என்றால், 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு இடம் ஏது?

அந்தக் கேள்விக்கு அப்புறம் நடந்தது பதில் சொல்கிறது. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, காலம் முடிந்த பிறகும் பெண்களை விஜிலென்ஸ் ஹோமிலிருந்து வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். சிகிச்சைக்கு இல்லை, அப்போது சிகிச்சையே இங்கே இல்லை. சும்மா, அடைத்து. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் கோர்ட்டுக்குப் போனார். 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்கச் சொன்னது. அதாவது, ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஆராய்ச்சியிலிருந்து முதலில் கிடைத்தது பூட்டு. இலவச ஏ.ஆர்.டி. மருந்து வந்ததே 2004 ஏப்ரலில்தான், தாம்பரம் உட்பட நாட்டில் சில இடங்களில். நடுவில் பதினெட்டு வருஷம்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, விஷயத்தைப் புரிய வைத்து, சம்மதம் வாங்காமல் யாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கக் கூடாது. ஆராய்ச்சி என்றாலும் அப்படித்தான். ரிசல்ட்டைக் காரணம் காட்டி வேலையைவிட்டோ காலேஜைவிட்டோ அனுப்பவும் கூடாது. டெஸ்ட் எடுத்துக்கொள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. இலவசம், ரகசியம் காப்பார்கள், டெஸ்டுக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

மறுபடியும் ஆம்பூருக்கு வருவோம். கதை அங்கேயும் பாக்கி இருக்கிறது.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். அதற்கு நாள் பிடிக்கும். குரோமிய உப்பு வந்த பிறகு பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றினால் சீக்கிரமே வேலை முடிந்துவிடும். வெளியே வருகிற ஈரத்தோல் நீலமாக இருக்கும், 'வெட் ப்ளூ' என்பார்கள். அந்த ஈரத்திலும் சுண்ணாம்பிலும் வருஷக்கணக்கில் கைவிட்டு வேலை செய்கிறவர்களுக்குக் கையில் வெடிப்பு, அரிப்பு, நீர் கோத்த கொப்புளம். குரோமியத்தில் ஆறு இணைதிறன் உள்ள வகை இருக்கிறது பாருங்கள், அதுதான் அலர்ஜிக்குப் பெரிய வில்லன். சிமென்ட்டிலும் அது கொஞ்சம் உண்டு. கொத்தனார், சித்தாள் கைகளைப் பார்த்திருந்தால் தெரியும். ஒருமுறை உடம்பு அதைப் பகையாளி என்று குறித்துக்கொண்டால், ஆயுசுக்கும் மறக்காது.

1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, டாக்டர் பார்த்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் குரோம் புண்ணும் இருந்தது. அதாவது விஷயம் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. இன்னொரு பக்கம் பாருங்கள். ஐரோப்பிய யூனியனில் 2015 மே மாதத்திலிருந்து ஒரு விதி. தோலில் படுகிற லெதர் பொருள் எதிலும், ஒரு கிலோ லெதருக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இந்த ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் விற்க முடியாது. எதற்காக? ஷூ போடுகிறவர் காலில் அலர்ஜி வரக் கூடாது என்று. நல்ல விதி. ஆம்பூர் கம்பெனிகளும் அதற்காக லேப், சர்டிஃபிகேட் என்று ஓடத்தான் செய்கின்றன. போடுகிறவர் பாதத்துக்கு மில்லிகிராம் கணக்கில் காவல் இருக்கிறது. டிரம் பக்கத்தில் நிற்கிறவர் கைக்கு, ஓட்டை விழாத ரப்பர் கிளவுஸ் தினமும் கிடைக்குமா என்பதே மேஸ்திரியைப் பொறுத்தது.

அந்தக் கைக்கு என்ன அலர்ஜி என்று கண்டுபிடிக்க ஒரு அருமையான டெஸ்ட் இருக்கிறது, பேட்ச் டெஸ்ட். பொட்டாசியம் டைக்ரோமேட் மாதிரி சந்தேகப் பொருட்களைக் கொஞ்சம் கொஞ்சம் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்கணும். முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கிற வேலை செய்யக் கூடாது. ரெண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். இன்னும் ரெண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஆக மூன்று தடவை ஆஸ்பத்திரி, நடுவில் வியர்க்காத ரெண்டு நாள். தினக்கூலி வாங்குகிற ஒருவருக்கு இதோட அர்த்தம் என்ன? கையைக் குணப்படுத்தப் போய் அந்த வாரச் சம்பளம் காலி. டெஸ்ட்டில் குரோமியம் என்று வந்துவிட்டால் டாக்டர் சொல்லப்போவது, "இந்த வேலையை விட்டுடுங்க." இதைத் தெரிந்துகொண்டு யார் போய் முதுகைக் காட்டுவார்? வழக்கம்போல மெடிக்கல் ஷாப். "அண்ணே, அரிப்புக்கு ஒரு க்ரீம்."

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னா, உங்களில் பல பேருக்கு இப்போ ப்ராஜெக்ட் சீசன். சோஷியல் வொர்க், மைக்ரோபயாலஜி, நர்சிங், புள்ளியியல்னு ஏதோ ஒரு ஃபார்மை எடுத்துக்கிட்டு யார் வீட்டுக் கதவையாவது தட்டப் போறீங்க. வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ ஒரு அம்மா கையை நீட்டிக் காட்டுவாங்க. நீங்க 'அரிப்பு: உண்டு' என்று டிக் அடிப்பீங்க. அந்த டிக் எதுக்குன்னு தமிழில், அவங்களுக்குப் புரிகிற தமிழில், சொல்லிவிட்டு அடியுங்கள். 'மாட்டேன்'னு சொன்னா சிரிச்சுக்கிட்டே எழுந்து வந்துடுங்க. அவங்க லீவு போட்டு வரவேண்டியிருந்தா கூலியை யார் தர்றதுன்னு கைடுகிட்ட முன்னாடியே கேளுங்க. முறைப்பார். பரவாயில்லை. முடிச்ச பிறகு ஒரு தடவை திரும்பிப் போய் என்ன கண்டுபிடிச்சோம்னு சொல்லுங்க. ஒரு டீ நிச்சயம் உண்டு.

உங்க கையிலேயே ரத்தம் எடுக்கவோ தோலைச் சுரண்டவோ யாராவது வந்தாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். என்ன டெஸ்ட், எதுக்கு, ரிசல்ட் யாருக்குத் தெரியும், நடுவுல வேண்டாம்னா விட்டுடலாமா? கேட்டால் கோபப்படுகிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

என் படர்தாமரை என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? கடைசியில் அதே மாடிப்படி ஏறினேன். வெயிட்டிங் ஹாலில் பதினைந்து பேர். முகப்பருவோடு ஒரு பொண்ணு, முடி கொட்டுற ஒரு அங்கிள், சொறி வந்த குழந்தையோடு ஒரு அக்கா, கையில் துணி சுற்றிக்கொண்டு ஒரு தோல் ஷாப்புத் தொழிலாளி. யாரும் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு வாரம் மாத்திரை, தனித் துண்டு, வெந்நீரில் துவைத்த ஜட்டி. சரியாப் போச்சு. எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிக் கேட்க வெட்கமா இருந்தா 1097-க்கு போன் போடுங்க. காசு கிடையாது, பேர் சொல்ல வேண்டியதும் இல்லை.